எலியின் இரத்தத்தில் புரதம் குறைந்தால் மூட்டு குணமாகிவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவாதத்துக்குப் புதிய மருந்து, வீக்கத்தை வற்றச் செய்யும் மூலிகைச் சாறு என்பன போன்ற தலைப்புகளில் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் வரும் செய்திகளை விடாமல் படிப்பவன் நான். அவற்றில் பல, எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பற்றியவை. கடைசிப் பத்தியில் பெரும்பாலும் ஒரே கருத்து வெவ்வேறு சொற்களில் வந்துவிடும்: மருந்து கொடுத்த எலிகளின் இரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் குறைந்தன, இரத்தத்தின் முதன்மைப் புரதமாகிய ஆல்புமின் பழைய அளவுக்கு உயர்ந்தது, எனவே மருந்து நோயின் வேரையே தாக்குகிறது. அந்த "எனவே" என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இக்கடிதம். எலிகளின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, பிரிப்பதிலும் அளப்பதிலும் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், அச்சொல்லுக்கு முன்னால் உள்ள செய்தி உண்மையாகவே இருந்தாலும், பின்னால் உள்ள முடிவு அதிலிருந்து தானாகப் பிறந்துவிடுவதில்லை என்பதை விளக்க விரும்புகிறேன்.

முதலில், அந்த எலிக்கு வந்திருப்பது எந்த நோய் என்று பார்க்க வேண்டும். மனிதருக்கு வருவதைப் போல எலிக்கு முடக்குவாதம் தானாக வருவதில்லை, வரவழைக்க வேண்டியிருக்கிறது. வெப்பத்தால் கொல்லப்பட்ட காசநோய் வகைப் பாக்டீரியாவைக் கனிம எண்ணெயில் கலந்து செய்யப்படும் கலவை ஒன்று உண்டு. நோய் எதிர்ப்பியல் அறிஞர் ஜூல்ஸ் ஃபிராய்ண்டின் பெயரால் அது வழங்குகிறது. அதை எலியின் வாலடியிலோ பாதத்திலோ ஒரே ஒரு முறை ஊசி மூலம் செலுத்தினால், ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களுக்குள், ஊசி படாத கால்களின் மூட்டுகளும் வீங்கத் தொடங்கும். 1956-இல் கார்ல் பியர்சன் இதை விரிவாக எழுதிய பிறகு, அழற்சி எதிர்ப்பு மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள் பலவற்றிலும் இந்த எலி நிலையான இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுண்டெலியிடம் இம்முறை பெரும்பாலும் பலிப்பதில்லை. எலிகளிலும் எல்லா வகைகளும் ஒன்றுபோல நோயுறுவதில்லை. லூயிஸ் என்ற வகை எளிதில் நோயுறும், ஃபிஷர் என்ற வகை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அழற்சியை அடக்கும் இயற்கை ஹார்மோனாகிய கார்ட்டிகோஸ்டிரோனை லூயிஸ் எலியின் அட்ரினல் சுரப்பி போதிய அளவு பொழிவதில்லை என்பது இவ்வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. இதே ஹார்மோன் கல்லீரலின் புரத உற்பத்தியையும் மாற்றக்கூடியது என்பதால், எந்த வகை எலி என்பதைச் சொல்லாமல் புரத அளவை மட்டும் சொல்லும் செய்தி பாதிச் செய்திதான்.

இந்த நோயில் அழற்சி இரண்டு அலைகளாக வருகிறது என்பதையும் மறக்கலாகாது. ஊசி போட்ட இடம் ஓரிரு நாட்களிலேயே சிவந்து வீங்கும். அது முதல் அலை. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் பாக்டீரியாவின் புரதத்தை அடையாளம் கண்டு, பிறகு சொந்த மூட்டுகளின் மீதே பாயும்போது வருவது இரண்டாம் அலை. மூன்றாம் வாரத்தையொட்டி வீக்கம் உச்சத்தை எட்டி, அதன் பிறகு பல எலிகளில் மருந்தே இல்லாமல் மெல்லத் தணிந்துவிடும். மூட்டு மட்டும் கோணலாகவும் இறுகியும் நின்றுவிடும். ஆகவே 3-ஆம் நாள் எடுத்த இரத்தமும், 21-ஆம் நாள் எடுத்த இரத்தமும், 50-ஆம் நாள் எடுத்த இரத்தமும் ஒரே நோயின் மூன்று படங்கள் அல்ல. ஏறக்குறைய மூன்று வேறு நிலைகள்.

இனிப் புரதங்களுக்கு வருகிறேன். 1937-இல் ஆர்னே டிசேலியஸ் மின்புலத்தில் சீரப் புரதங்களைப் பிரித்துக் காட்டினார். அப்பணிக்காகவும் அதையொட்டிய பணிகளுக்காகவும் 1948-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் காட்டிய வழியில் ஆல்புமின், ஆல்ஃபா, பீட்டா, காமா குளோபுலின்கள் எனச் சீரம் பட்டைகளாகப் பிரியும். மூட்டழற்சி வந்த எலியின் சீரத்தை அப்படி ஓடவிட்டால், தடித்திருக்க வேண்டிய ஆல்புமின் பட்டை மெலிந்தும், மெலிந்திருக்க வேண்டிய ஆல்ஃபா பட்டைகள் தடித்தும் இருப்பதைப் புதிதாகப் பழகும் மாணவர்கூட ஒரே பார்வையில் கண்டுகொள்வார். இம்மாற்றம் மூட்டில் நிகழ்வதில்லை, கல்லீரலில் நிகழ்கிறது என்பதுதான் இதில் முக்கியமானது. வீங்கிய திசுவிலுள்ள அணுக்கள் இன்டர்லூகின்-6 முதலிய தூதுப் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. அவை கல்லீரலை அடைந்ததும், அது ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு ஃபைப்ரினோஜன், ஹாப்டோகுளோபின், செருலோபிளாஸ்மின், ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம் போன்றவற்றை அதிகமாகச் செய்யத் தொடங்குகிறது. இவற்றைத் தீவிரக் கட்டப் புரதங்கள் என்பர். கல்லீரலுக்கு மூட்டு தெரியாது. தசையில் டர்பன்டைன் எண்ணெயை ஊசியால் செலுத்தினாலும், அறுவை செய்தாலும், தொற்று வந்தாலும் அது இதே புரதங்களைத்தான் பொழியும்.

ஆல்புமின் குறைவதற்கு உற்பத்திக் குறைவு மட்டும் காரணமன்று. அழற்சியுற்ற இடங்களில் நுண்குழாய்களின் சுவர் கசிவதால் ஆல்புமின் திசுக்களுக்குள் வெளியேறுகிறது; சிதைவும் கூடுகிறது. எலிக்கும் நமக்கும் இவ்விடத்தில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மனித ஆல்புமினில் பாதி அழிந்து புதிதாக மாறச் சுமார் 19 நாட்கள் ஆகும். எலியில் அதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்களே போதும். கல்லீரல் உற்பத்தியைக் குறைத்த ஒரு வாரத்துக்குள் எலியின் ஆல்புமின் கண்கூடாகச் சரிந்துவிடும், மருந்து கொடுத்த சில நாட்களில் கண்கூடாக ஏறியும்விடும். இந்த வேகத்தைப் பார்த்து வியந்து, மனிதரிடமும் "ஒரே வாரத்தில் இயல்பு நிலை" என்று எதிர்பார்ப்பது, வேறு கடிகாரத்தில் மணி பார்ப்பதற்கு ஒப்பாகும்.

சி-ரியாக்டிவ் புரதத்தை (சி.ஆர்.பி.) பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் செய்திகளில் அதிகம் அடிபடும் பெயர் அதுதான். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் கண்டறியப்பட்ட இப்புரதம், நலமாக இருக்கும் மனிதரிடம் மிகச் சொற்பமாக இருந்து, கடும் அழற்சியில் ஆயிரம் மடங்கு வரை உயரக்கூடியது; ஆகவேதான் மருத்துவர்கள் அதை நம்பி அளக்கச் சொல்கிறார்கள். எலியின் கதை நேர்மாறு. நலமாக இருக்கும் எலியின் இரத்தத்திலேயே இப்புரதம் தாராளமாக இருக்கிறது. அழற்சி வந்தால் இரண்டு மூன்று மடங்கு கூடும், அவ்வளவுதான். எலியில் பெரிதாகத் துள்ளுவது ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்னும் பெரும்புரதம். இயல்பில் ஏறக்குறைய இல்லாத நிலையிலிருந்து பல பத்து மடங்கு உயரும். அதே ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் மனிதரிடம் அழற்சியின்போது பெரிதாக அசைவதே இல்லை. ஆகவே "எலியில் சி.ஆர்.பி. குறைந்தது" என்ற வரியைப் படித்துவிட்டுத் தன் சோதனைத் தாளில் உள்ள சி.ஆர்.பி. எண்ணுடன் ஒப்பிடும் வாசகர், பெயர் ஒன்றானாலும் அழற்சியில் நடத்தை வேறான இரண்டு பொருள்களை ஒப்பிடுகிறார். எலி ஆய்வில் இப்புரதத்தையே முதன்மை அளவுகோலாகத் தேர்ந்தெடுத்தவர்கள், பெரும்பாலும் மனித மருத்துவத்தில் அதற்குள்ள புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பதே என் ஐயம்.

மருந்துகள் இப்புரதங்களை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் விவகாரத்தின் நடுப்பகுதி. 1971-இல் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். புரோஸ்டாகிளாண்டின் குறைந்தால் வலியும் வீக்கமும் குறையும் என்பது எளிதில் விளங்குகிறது. ஆனால் கல்லீரலுக்குச் செல்லும் தூது இன்டர்லூகின்-6 அல்லவா? அது ஏன் குறைய வேண்டும்? எலியின் வீங்கிய பாதத்தில் புரோஸ்டாகிளாண்டினே இன்டர்லூகின்-6 உற்பத்தியைத் தூண்டிக்கொண்டிருக்கிறது என்பது இதற்கு விடை. 1996-இல் வெளியான ஆய்வுகளில், புரோஸ்டாகிளாண்டினைச் செய்யும் காக்ஸ்-2 என்னும் நொதியை மட்டும் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, இவ்வகை எலிகளில் வீக்கம் மட்டுமன்றி இன்டர்லூகின்-6 அளவும் இறங்கியது. ஆகவே எலியில் சாதாரண வலி நிவாரணிகளும்கூட இரத்தப் புரதங்களை ஓரளவு சீராக்கிக் காட்டுவதில் வியப்பில்லை. முடக்குவாத நோயாளிகளிடமோ, இவ்வகை மருந்துகள் வலியைத் தணித்தாலும், ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) மற்றும் சி.ஆர்.பி. அளவுகளைப் பெரிதாக அசைப்பதில்லை. எலியின் பதிலும் மனிதரின் பதிலும் பிரிந்து செல்லும் இவ்விடத்தைத்தான் செய்திகள் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

புரதம் சீரானதாகத் தோன்ற வேறு வழிகளும் இருக்கின்றன. ஊசி போட்ட அன்றே மருந்தையும் தொடங்கிவிட்டால், நோய் எதிர்ப்பு அணுக்கள் பெருகுவதை அம்மருந்து தடுத்து, இரண்டாம் அலை வராமலே செய்துவிடலாம். அப்போது கிடைக்கும் அழகான எண்கள், நோய் வராத எலியின் எண்களேயன்றி, நோய் தீர்ந்த எலியின் எண்கள் அல்ல. மூட்டு வீங்கிய பிறகே மருத்துவரிடம் வருபவர்தான் மனித நோயாளி; அவருக்குப் பொருத்தமானது 14-ஆம் நாளுக்குப் பிறகு தொடங்கிய சோதனை மட்டுமே. கல்லீரலையே கெடுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தாலும் ஃபைப்ரினோஜனும் ஹாப்டோகுளோபினும் இறங்கும், செய்யும் இடமே முடங்கிவிட்டதால்! அப்படிப்பட்ட எலியில் ஆல்புமினும் சேர்ந்தே இறங்கும் என்பதால், உயர வேண்டியது உயர்ந்தும் இறங்க வேண்டியது இறங்கியும் இருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல், இறங்கியதை மட்டும் படம் போட்டுக் காட்டும் ஆய்வை நான் நம்புவதில்லை.

ஸ்டீராய்டுகளின் நடத்தை இன்னும் விசித்திரமானது. 1948-இல் பிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கார்டிசோனை முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்ததிலிருந்து, அழற்சியை அடக்குவதில் இவ்வகை மருந்துகளுக்கு இணையில்லை என்பதை உலகம் அறியும். டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைக் கொடுத்த எலியின் பாதம் சில நாட்களிலேயே வற்றிவிடும். ஆனால் அதே டெக்சாமெத்தசோன் எலியின் கல்லீரலில் ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதத்தின் மரபணுவை நேரடியாகவே தூண்டுகிறது; ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் உயர்வதற்கும் இன்டர்லூகின்-6 மட்டும் போதாது, அட்ரினல் ஹார்மோனின் துணையும் வேண்டும். பாதம் வற்றுகிறது, தூதுப் பொருள் குறைகிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட புரதம் மட்டும் உயரே நிற்கிறது. அந்த ஒரு புரதத்தை மட்டும் அளந்தவர், மருந்து தோற்றது என்று எழுதுவார். பக்கத்து ஆய்வகத்தில் ஃபைப்ரினோஜனை அளந்தவர், மருந்து வென்றது என்று எழுதுவார். இருவர் எண்ணும் சரியே.

ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த இண்டோமெதாசினுக்கு எலியிடம் வேறொரு முகம் உண்டு. அம்மருந்து பித்தநீரோடு குடலுக்குள் இறங்கி, மறுபடியும் உறிஞ்சப்பட்டு, மீண்டும் பித்தநீருக்கே திரும்பும் சுழற்சியில் சிக்குகிறது. அதனால் எலியின் சிறுகுடல் மீண்டும் மீண்டும் அதனால் தாக்கப்பட்டுப் புண்ணாகிறது. அப்புண்களின் வழியே இரத்தமும் ஆல்புமினும் குடலுக்குள் கசிந்து வீணாகும். புண் ஆழமானால் அதுவே புதிய அழற்சியாகி, தீவிரக் கட்டப் புரதங்களைத் திரும்பவும் உயர்த்தும். குறைந்த அளவில் கொடுத்தபோது ஆல்புமினை உயர்த்திய மருந்து, அளவைக் கூட்டியபோது அதைத் தாழ்த்தினால், மருந்தின் திறன் தலைகீழானது என்று பொருளில்லை. பாதத்தின் கணக்கோடு குடலின் கணக்கும் சேர்ந்துவிட்டது. ஆய்வின் முடிவில் எலியின் குடலைத் திறந்து பார்த்தார்களா என்பதைக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் தேடுவது என் பழக்கம். பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

தீனியின் கணக்கு அதைவிட எளியது, அதனாலேயே அதிகம் மறக்கப்படுவது. நான்கு கால்களும் வீங்கிய எலி நகர்ந்து சென்று தீனி எடுக்கத் தயங்கும், பசியும் குன்றும், எடை விழும். புரதம் போதாத உணவை உண்ணும் எந்த எலிக்கும், நோயே இல்லாவிட்டாலும், ஆல்புமின் உற்பத்தி குறையும். ஆகவே நலமான எலிகளுக்கு வேண்டியமட்டும் தீனி வைத்து அவற்றோடு நோயுற்ற எலிகளை ஒப்பிட்டால், அழற்சியின் விளைவையும் பட்டினியின் விளைவையும் பிரிக்க வழியில்லை. நோயுற்ற எலி நேற்று எத்தனை கிராம் உண்டதோ அத்தனை கிராமை மட்டுமே இன்று நலமான எலிக்கும் வைக்கும் ஒரு தனிக் குழு வேண்டும். வலி நிவாரணி கொடுத்தவுடன் எலி எழுந்து வந்து உண்ணத் தொடங்குகிறது; உண்பதாலேயே ஆல்புமினில் ஒரு பங்கு ஏறிவிடும். அதையும் மருந்து நோயை மாற்றியதன் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்வதற்குத் தயங்கவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், ஆல்புமினை அளக்கப் புரோமோகிரசால் பச்சை என்னும் சாயத்தைப் பயன்படுத்தினேன். எல்லோரும் பயன்படுத்துவதுதான், மலிவானது, சில நிமிடங்களில் முடியும். மூட்டழற்சி எலிகளில் ஆல்புமின் நான் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்று ஒரு முழு மாத முடிவுகளை எழுதிவைத்தேன். பிறகு அதே சீரங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: ஆல்புமின் நன்றாகவே குறைந்திருந்தது. அந்தச் சாயம் ஆல்புமினோடு மட்டுமன்றி, மெதுவாக ஆல்ஃபா குளோபுலின்களோடும் ஒட்டிக்கொள்ளும்; அழற்சியில் அவைதாமே பெருகியிருக்கின்றன? குறைந்ததன் இடத்தைப் பெருகியது நிரப்பி, என் எண்ணைப் பொய்யாக உயர்த்திவிட்டது. சாயம் கலந்தவுடனேயே சில நொடிகளுக்குள் அளவெடுத்தால் இப்பிழை குறையும் என்பதைப் பின்னர்தான் கற்றேன். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் ஹாப்டோகுளோபின் கணக்கு கெடுவதும், உறைந்த இரத்தத்தின் சீரத்தில் ஃபைப்ரினோஜனைத் தேடிக் காணோமென்று திகைப்பதும் வேறு கதைகள்.

புரதத்துக்கும் மருந்துக்கும் இடையில் எதிர்த்திசையிலும் ஓர் உறவு உண்டு. அதை வாசகர்கள் அறிந்திருப்பது அவர்களுக்கே பயன்படும். இப்யூப்ரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபினாக், இண்டோமெதாசின் ஆகியவை இரத்தத்துக்குள் போனதும் ஏறத்தாழ 99 விழுக்காடு அளவில் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்பவை. ஒட்டாமல் தனித்து நிற்கும் மீதிச் சொற்பப் பகுதிதான் திசுக்களுக்குள் நுழைந்து வேலை செய்கிறது, பக்க விளைவையும் தருகிறது. அழற்சியால் ஆல்புமின் குறைந்த உடலில் தனித்து நிற்கும் மருந்தின் விகிதம் கூடுகிறது. அப்படித் தனித்ததைக் கல்லீரல் விரைந்து வெளியேற்றுவதால், இரத்தத்தில் மொத்த மருந்தின் அளவு குறைந்ததுபோலத் தெரியும். மொத்த அளவை மட்டும் பார்த்து, மருந்து போதவில்லை, கூட்டுவோம் என்று முடிவெடுப்பது இவ்விடத்தில் தவறாகிவிடும். வேலை செய்யும் பகுதி குறையாமலே இருந்திருக்கலாம். நாப்ராக்சனை அதிக அளவில் கொடுக்கும்போது, ஆல்புமினில் இடம் நிரம்பிவிடுவதால், அளவைக் கூட்டிய விகிதத்தில் இரத்தத்தின் மொத்த அளவு கூடுவதில்லை என்பதும் இதே காரணத்தால்தான். மறுபுறம், புரோபிரனோலால் போன்ற கார வகை மருந்துகள் ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதத்தோடு ஒட்டுபவை. அழற்சியில் அப்புரதம் உயர்வதால், அவற்றின் ஒட்டிய பகுதி கூடுகிறது. போதாக்குறைக்கு, மூட்டழற்சி வந்த எலியின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளும் குன்றிவிடுகின்றன. நலமான எலியைச் சிறிது நேரமே தூங்கவைக்கும் பார்பிட்டுரேட் மருந்து, நோயுற்ற எலியை அதைவிட நெடுநேரம் தூங்கவைத்துவிடும். ஆக, நலமான எலியில் பாதுகாப்பானது என்று கண்ட அளவை நோயுற்ற எலிக்கு அப்படியே மாற்ற முடிவதில்லை. ஓர் எலியிலிருந்து இன்னோர் எலிக்கே இந்த நிலை என்றால், அங்கிருந்து மனிதருக்குத் தாவுவதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மனிதரிடம் இது எங்கே இடறுகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். எனக்குத் தெரிந்த முடக்குவாத நோயாளி ஒருவர், வலி நிவாரணி எடுத்தவுடன் விரல்கள் மடங்கத் தொடங்கிவிட்டன என்ற மகிழ்ச்சியில், நோயை அடக்கத் தரப்பட்ட மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். "அழற்சிப் புரதங்களைக் குறைக்கும் மருந்து" என்று எங்கோ படித்ததும் அவருக்குத் துணிவைத் தந்திருந்தது. அடுத்த சோதனையில் ஈ.எஸ்.ஆர். முன்பைவிட உயர்ந்திருந்தது. சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு விரைவாகப் படிகின்றன என்று பார்க்கும் அந்தப் பழைய சோதனை, பெருமளவுக்கு ஃபைப்ரினோஜனின் உயர்வைத்தான் காட்டுகிறது. வலி இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் வாரக் கணக்கில் மெதுவாக வேலை செய்து அந்த எண்ணையும் மூட்டின் தேய்வையும் குறைக்கின்றன. வலி நிவாரணியோ அன்றே வலியை ஆற்றி, மூட்டின் தேய்வைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு நேர் எதிரானது. டோசிலிசுமாப் என்ற மருந்து இன்டர்லூகின்-6 சென்று பற்றும் இடத்தையே அடைத்துவிடுவதால், அதைப் பெறும் நோயாளியின் சி.ஆர்.பி. தரைமட்டத்துக்குப் போய்விடுகிறது. பலருக்கு அதோடு மூட்டும் நன்றாகவே ஆறுகிறது. ஆனால் அதே நோயாளிக்கு நுரையீரலில் தொற்று வந்தால், வேறு எவருக்கும் விண்ணுக்கு ஏறியிருக்க வேண்டிய சி.ஆர்.பி. அவருக்கு ஏறாமலே இருந்துவிடக்கூடும்; கல்லீரலுக்குச் சேதி போகும் வழியே அடைபட்டிருக்கிறது. அனுபவமுள்ள மருத்துவர்கள் இத்தகைய நோயாளியிடம் அந்த எண்ணை நம்பாமல், காய்ச்சலையும் மூச்சையும் உடல்நிலையையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். இரத்தப் புரதம் இறங்கியிருக்கிறது என்ற ஒரே உண்மை, ஓரிடத்தில் நோய் தணிந்ததையும், வேறிடத்தில் சேதி அறுபட்டதையும், மூன்றாவதோரிடத்தில் கல்லீரல் சோர்ந்ததையும் குறிக்கலாம்.

எலி ஆய்வுகள் வீண் என்று நான் வாதிடவில்லை; அவ்வாறு யாரும் படித்துவிடக் கூடாது. புரோஸ்டாகிளாண்டினுக்கும் இன்டர்லூகின்-6-க்கும் உள்ள தொடர்பை உயிருள்ள உடலில் பார்க்க உதவியது அந்த எலியின் வீங்கிய பாதம்தான். இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் அழற்சி எதிர்ப்பு மருந்துகளில் பல அந்தப் பாதத்தில் சோதிக்கப்பட்டே வந்தன. ஆனால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராகீனனைப் பாதத்தில் செலுத்திச் சில மணி நேர வீக்கத்தை அளக்கும் சோதனையையும், வாரக் கணக்கில் நீளும் இந்த மூட்டழற்சியையும் ஒரே பெயரில் "மூட்டுவாதம்" என்று எழுதிவிடும்போது, கல்லீரல் தன் புரதங்களை மாற்றத் தொடங்கும் முன்பே முடிந்துபோகும் ஒரு சோதனையிலிருந்து புரதங்களைப் பற்றிய முடிவை வாசகர் எடுத்துச் செல்லும்படி ஆகிறது.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் இத்தகைய செய்தி வரும்போது, எந்தப் புரதத்தை அளந்தார்கள், ஊசி போட்ட எத்தனையாவது நாள் மருந்தைத் தொடங்கினார்கள், ஒப்பீட்டுக்கு வைத்த எலிகள் எவ்வளவு உண்டன என்ற மூன்றையும் செய்தியாளர் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் பார்த்து எழுதினால் போதும். அதற்கு நான்கு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது. கட்டுரையிலேயே அவ்விவரங்கள் இல்லையென்றால், இல்லை என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்